பட்டியல் முதலே தயாரானால் கூட்டம் எதற்கு?

ஆசிரியர் அவர்கட்கு,

சர்வதேச மாநாடுகளில் சிவில் சமூகத்தின், அதாவது அரசு சாராத மக்கள் அமைப்புகளின், சார்பில் பேசுவோரை யார் தெரிவு செய்கிறார்கள்? சில காலத்துக்கு முன் யாழ். நகரில் அப்படியொரு தெரிவுக்கான "கலந்துரையாடலுக்கு" போயிருந்தேன். தேத்தண்ணியும் வடையும் வந்தன. பேச்சாளர் பட்டியலும் வந்தது, தட்டச்சாகி! நாங்கள் வரவுப் பதிவில் கையெழுத்து வைத்ததோடு சரி.

2005 நவம்பரில் துனிசில் நடந்த தகவல் சமூகத்துக்கான உலக உச்சி மாநாட்டில், அரசு சார்பான அமைப்புகள் சிவில் சமூகப் பெயரில் இடம்பிடிப்பதாகப் பலத்த முறைப்பாடு எழுந்தது. அப்படியிருந்தும் அங்கே ஆரம்ப அமர்வில் சிவில் சமூகத்துக்காகப் பேசியவர் ஈரானின் ஷிரின் எபாடி. தன் நாட்டு ஆட்சிக்கே அஞ்சாத சட்டத்தரணி அவர். ஆக, மனம் வைத்தால் அரசுக்குத் தலையாட்டாதவரைத் தெரிவு செய்ய முடியும்.

ஐ.நா.வின் 1996/31 இலக்கத் தீர்மானம், ஆலோசனை அந்தஸ்து (ஐ.நா. கூட்டங்களில் பங்குபற்றும் அனுமதி) பெறும் அமைப்பு அரசிடம் பெறும் நிதியை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்கிறது. நம்மூர்த் தெரிவிலும் அதையே கேட்கலாம்: யாருடைய காசில் போகிறீர்கள், யாருக்கு வந்து கணக்குச் சொல்வீர்கள்? தெரிவு செய்வோரே, விண்ணப்பத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கோருங்கள். தெரிவுக்குழுவின் பெயர்களையும் நிராகரித்ததற்கான காரணத்தையும் வெளியிடுங்கள்.

கடல் பற்றிய மாநாடென்றால் குருநகரில் வலை பின்னும் பெண்ணும் பேசட்டும். ஆங்கிலம் வராதென்பது சாட்டு, மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு ஆசனம் போடலாமே. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சி வீதியோரத்தில் போராட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பேசப் புறப்படுபவர், புறப்படுமுன் ஒரு நாளாவது அவர்களோடு போய் இருந்தாரா என்று கேட்பதில் என்ன பிழை?

வாசகர் ஒருவர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.