தொலைநோக்கியை மாற்றாதே

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய எம்51 சுருள் கேலக்ஸியின் படம் வந்தது. சுருளே தெரியவில்லை, இன்னும் பெரிய தொலைநோக்கி வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார், நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கின்றன. குறை குழாயில் இல்லை, அதைச் சுமக்கிற மவுண்ட்டில் இருக்கிறது. பூமி சுழலச் சுழல வானத்தைப் பிசகாமல் தொடர்கிற நல்ல மவுண்ட்தான் இதில் முதல் செலவு. அதன் அச்சை வானத் துருவத்துக்கு நேராக வைப்பதில் மட்டும் சோம்பல்படாதே. அப்புறம், ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே மவுண்ட்டின் பிசகைத் திருத்துகிற ஒரு சின்ன கைடு கேமரா.

சரி, அடுத்தது நேரம். அரை மணி நேர வெளிச்சத்தை வைத்துக்கொண்டு சுருள் கரங்களை எதிர்பார்க்கிறாய். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும்போது இரண்டு மடங்கு தெளிவு வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் எடுக்க வேண்டும், கணக்கு அப்படி. நிலா இல்லாத இரவுகளாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர். ஒரே ராத்திரியில் முடிக்கச் சொல்லி யார் கேட்டார்கள்? ஒரே சீரான வெளிச்சத்தைப் படமெடுக்கிற ஃபிளாட் பிரேம்களையும் விடாதே. அந்த வட்ட வட்டமான தூசி நிழல்கள் அதில்தான் போகும்.

எம்51 சுருள் வடிவம் என்பதை 1845இல் கண்டவர் ரோஸ் பிரபு. அயர்லாந்தில் 72 அங்குல ஆடி வைத்த ராட்சதத் தொலைநோக்கி அவருடையது. கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார். அது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிற இன்னொரு கேலக்ஸி என்று அவருக்குத் தெரிய வழியில்லை. வானியலாளர் ஹப்பிள் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் தூரத்தை அளந்ததே 1920களில்தான். அவ்வளவு பெரிய ஆடி இருந்தும் அவருக்கு எட்டாதது உன் சின்னக் குழாய்க்கு எட்டும். கண் வெளிச்சத்தைச் சேமித்து வைக்காது, சென்சார் மணிக்கணக்கில் சேமிக்கும். அதனால்தான் நேரம், நேரம் என்று உயிரை வாங்குகிறேன்.

கடைசியாக ஒன்று. பின்னணியைக் கன்னங்கரேலென்று ஆக்கிவிடுகிறாய். பக்கத்துக் கேலக்ஸி என்ஜிசி 5195ஐச் சுற்றி மங்கலாகப் பரவிக் கிடக்கிற நட்சத்திர ஒளி முதலில் பலியாவது அதில்தான். வானம் கொஞ்சம் சாம்பலாகவே இருக்கட்டும், பரவாயில்லை.

அடுத்த முறை முடித்த படத்தை அனுப்பாதே. கேமராவில் வந்த ரா ஃபைல்களையே அனுப்பு, நானும் இங்கே அடுக்கிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா