தம்பி, அடுத்த ஜூனுக்கு வீடு எடுத்துவிட்டேன்

தம்பி,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் திறக்க மாட்டாய், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாம் சண்டை போட்டு நாளையோடு மூன்று வருஷம். அடுத்த ஜூனில் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கிற நார்தம்பர்லாந்துக்கு மறுபடி போகிறோம், அங்கே சீஹவுஸஸ் ஊரில் வாடகைக்கு வீடு எடுத்தாகிவிட்டது, உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான்.

ஹோலி ஐலண்ட் தீவுக்குப் போகிற, கடல் ஏறினால் மூழ்கிவிடும் அந்தப் பாதை. கடக்கலாம் என்று பலகையில் போட்டிருந்த நேரம் தாண்டிப் பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. "முன்னாடி ஒரு வண்டி போச்சே அக்கா, ரோடு காஞ்சுதான் இருக்கு" என்றாய். காய்ந்துதான் இருந்தது, இரண்டு பக்கமும் மணல்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிசாகத் தண்ணீர், அவ்வளவுதான். நான் சாவியைப் பிடுங்கினேன். அப்புறம் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் பாதையே இல்லை, வரிசையாகக் கம்பங்களும், வண்டி மாட்டிக்கொண்டால் ஏறி நிற்க உயரக் கால்கள் வைத்துக் கட்டிய அந்த வெள்ளைக் கூண்டும் மட்டும் தண்ணீருக்கு நடுவில். பாப்பா கேட்டாள்: "ரோடு எங்கே போச்சு அத்தை?"

உன் மனைவி முன்னால், குழந்தை முன்னால் கத்தியது தப்பு. மன்னித்துவிடு. ஆனால் உன்னைப் போகவிடாதது தப்பு என்று என் வாயால் வராது. கடல் நம் வீட்டுக்கு என்ன செய்தது என்று உனக்குத் தெரியும், நாலு பேர் படிக்கிற இடத்தில் அதை எழுத மாட்டேன். அதற்கப்புறம் பத்து வருஷம் கடல் பக்கமே போகாதவள் மறுபடி செருப்பைக் கழற்றி ஈர மணலில் நடந்தது பாம்பரோவில்தான். பின்னால் பாறைமேல் கோட்டை, முன்னால் வெறும் மணல், கூட்டம் கிடையாது, கடை கிடையாது. அதை உனக்குக் காட்டத்தான் கூட்டிப்போனேன். நீயோ வந்த முதல் நாளே, இந்தக் குளிருக்கு ஸ்பெயின் போயிருக்கலாம் என்றாய். அது இன்னும் வலிக்கிறது.

போன தடவை ஆகஸ்ட், பஃபின் என்கிற கடல் பறவைகள் எல்லாம் கடலுக்குக் கிளம்பிவிட்டன. ஜூனில் போனால் ஃபார்ன் தீவுகளில் வாயில் மீனோடு காலுக்கு அருகிலேயே வந்து இறங்கும். பாப்பாவுக்குத் தொப்பி கட்டாயம், ஆலாக்கள் கூட்டுப் பக்கம் போனால் தலையில் கொத்தும், ரத்தம் வரக் கொத்தும். அங்கிருந்தே லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் காட்டலாம். 1838 செப்டம்பரில் கப்பல் பாறையில் மோதி உடைந்தபோது 22 வயசு கிரேஸ் டார்லிங் அப்பாவோடு அங்கிருந்துதான் துடுப்புப் போட்டுப் போய் ஆட்களைக் காப்பாற்றினாள். இப்போது பாப்பாவுக்குக் கதை புரிகிற வயசு. கிராஸ்டரில் கிப்பர் வாங்கலாம், ஓக் மரத்தூள் புகையில் தொங்கவிட்ட மீன், நம் கருவாட்டு வாசனை இல்லை, ஆனால் சோற்றோடு நன்றாகவே சேரும். அங்கிருந்து டன்ஸ்டன்பரோ கோட்டை வரைக்கும் கடலோரமாகவே நடை, ஆடு மேயும் புல்வெளி, பாப்பாவே நடந்துவிடுவாள்.

மூன்று வருஷம்டா. அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த படத்தை வேறு யாரோ அனுப்பித்தான் பார்த்தேன். அதற்கு நான் என்ன பாவம் செய்தேன்?

சரி. பாதை திறக்கிற நேர அட்டவணையை நீயே பார், நீ சொல்கிற நேரத்துக்கே கிளம்புகிறேன், பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். பாப்பாவுக்கு அன்றைக்கு வாங்கிய மஞ்சள் மழைக்கோட்டு என்னிடம்தான் இருக்கிறது, நாலு வயசு அளவு. புதிதாக வாங்க வேண்டும். இப்போது எவ்வளவு உயரம் இருக்கிறாள், அதை மட்டுமாவது சொல்.

அக்கா