ஆண்டறிக்கை: உப்பை உதறிய வருடம்

நம் டேனரி (தோல் பதனிடும் ஆலை) சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் முழுக்க நாம் பேசியது உப்பைப் பற்றித்தான்.

வாணியம்பாடிக்கு வருகிற பச்சைத் தோல் கெடாமல் இருக்க, அதன் எடையில் நூற்றுக்கு 30, 40 பங்கு உப்புப் போடுகிறார்கள். நாம் அதை அப்படியே ஊறல் தொட்டியில் தள்ளுகிறோம். அந்த உப்பு கழிவுநீரோடு பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், ஆர்ஓவில் மிஞ்சுகிற கரைசலைக் காய்ச்சி ஆவியாக்கிய பிறகு, திரும்பவும் உப்பாகவே கொட்டகையில் குவிகிறது. பிரிக்க மின்சாரம், காய்ச்ச எரிபொருள், எல்லாமே நம் காசு. கடைசியில் அந்தக் கலப்பு உப்பை வாங்க ஆள் இல்லை.

சரி, உள்ளே போகிற உப்பையே குறைப்போம் என்று நாலு டேனரிகளில் வலை அடித்த மர டிரம்மில் தோலைச் சுற்றவிட்டு உப்பை உதறினோம். முதல் ஊறல் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, இறங்கியதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். ஆரம்பத்தில் உப்புத் தூள் தொழிலாளிகளின் கண்ணிலும் மூக்கிலும் ஏறியது, அவர்கள் சொன்ன பிறகுதான் டிரம்மைச் சுற்றி மறைப்புக் கட்டினோம். முதல் நாளே கட்டியிருக்க வேண்டும்.

அப்புறம், சென்னை அடையாறில் 1948ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தண்ணீர் இல்லாத குரோம் பதனிடும் முறை. வழக்கமான முறையில் தோலைப் பதப்படுத்தப் போடுகிற குரோம் உப்பில் நூற்றுக்கு 60, 70 பங்குதான் தோல் பிடிக்கிறது, மிச்சம் தண்ணீரோடு போகிறது. தண்ணீர் இல்லாத முறையில் பிக்கிளும் (குரோமுக்கு முன் தோலை அமிலமும் உப்பும் கலந்த தண்ணீரில் போடுவது) வேண்டாம், அதற்குப் போடுகிற உப்பும் வேண்டாம். ஆனாலும் வெட் ப்ளூ (குரோம் ஏறி நீலமாக, ஈரத்தோடு இருக்கிற தோல்) நிறம் கொஞ்சம் மாறினால் லாட்டையே திருப்பிவிடுவார்களே என்ற பயம் பலருக்கு இருக்கிறது, அது நியாயமான பயம். ஒரே லாட்டைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு முறையிலும் பதனிட்டு, வாங்குகிறவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் யோசனை.

ஒரு வருத்தம். சங்கப் பணத்தில் வாங்கிய ஆன்லைன் டிடிஎஸ் மீட்டர் மூன்றே மாதத்தில் நின்றுபோனது, விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வரவே இல்லை. பக்கத்தில், ஆம்பூரிலாவது, சர்வீஸ் ஆள் இல்லாத மெஷினை இனி வாங்கக் கூடாது.

மாசைக் கட்டுப்படுத்தாத டேனரிகளை மூடச் சொல்லி 1996ல் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்த சமயம் அப்பா டேனரியைப் பூட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கிணறு உவர்த்துப்போன பாலாற்றங்கரை ஊர்களில்தான் நம் தொழிலாளிகளும் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். எவ்வளவு செலவானாலும் இந்த வேலையை நிறுத்த எனக்கு மனம் வராது.

வரும் வருடம் இன்னும் ஆறு டிரம் செய்ய ஆசாரியிடம் பேசியாகிவிட்டது, பெயர் கொடுக்க வேண்டியவர்கள் இந்த மாதத்துக்குள் கொடுங்கள். உதறிய உப்பை மட்டும் தொட்டியில் திரும்பக் கொட்டிவிடாமல் மூட்டை கட்டி வையுங்கள், மாதத்தின் முதல் சனிக்கிழமை சங்க வண்டி வந்து எடுத்துக்கொள்ளும்.

செயலாளர்