தரம் 12இல் அணுக்கட்டமைப்பைத் தொடங்கப்போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

படுவான்கரையில் முதல் நியமனம், கையில் தரம் 12 இரசாயனவியல், முதல் அலகே அணுக்கட்டமைப்பு. நான்கு படங்களை வரைந்து, பெயரும் ஆண்டும் எழுதிப்போட்டால் ஒரு கிழமைக்குள் முடித்துவிடலாம். பிள்ளைகளும் பாடமாக்கிவிடுவார்கள். ஆனால் "கரு இருக்கிறதென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு வாய் திறக்காது. அந்தக் கேள்விக்குத்தான் நேரத்தைச் செலவழிக்கச் சொல்கிறேன்.

அணுக்கொள்கையை முன்வைத்த தோல்ற்றனை ஒரு பாடவேளையில் கடந்துவிடுங்கள். 12 கிராம் காபன் ஒரு ஒட்சைட்டில் 16 கிராம் ஒட்சிசனோடு சேர்கிறது, மற்றதில் 32 கிராமோடு. சரியாக இரு மடங்கு. அவர் நீரை ஓர் ஐதரசன், ஓர் ஒட்சிசன் என்று எடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பிழையால் அணுத்திணிவுகள் குழம்பிக் கிடந்து, 1860க்குப் பிறகுதான், இத்தாலிய இரசாயனவியலாளர் கனிசாரோவின் விளக்கத்தோடு, தெளிந்தன.

1897இல் தொம்சன், கதோட்டுக் கதிர்க்குழாயில், மறைமுனையான கதோட்டின் உலோகத்தை மாற்றினார், குழாயில் இருந்த வாயுவை மாற்றினார்; கதிர்த் துணிக்கைகளின் ஏற்றத்துக்கும் திணிவுக்குமான விகிதம் மாறவில்லை. இலத்திரன் எல்லா அணுவுக்கும் பொது என்ற முடிவு அங்கிருந்துதான் வந்தது. அவருடைய மாதிரிக்குப் பிளம் புடிங் வேண்டாம், நம் பிள்ளைகள் அதைக் கண்டதில்லை. ஒரு வத்தகப்பழத்தை வெட்டிக் காட்டுங்கள்: சிவந்த சதை முழுக்க நேரேற்றம், விதைகள் இலத்திரன்கள். நேரேற்றம் இப்படிப் பரந்து கிடந்தால், வேகமாக வரும் நேரேற்றமுள்ள அல்பாத் துணிக்கை சற்றே விலகுமே தவிர, திரும்பி வராது.

திரும்பி வந்தது. 1909இல் மன்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, நாக சல்பைட்டுத் திரையின் மினுக்கங்களை நுணுக்குக்காட்டியால் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஓர் எண்ணில் கவனம்: "8000இல் ஒன்று" என்பது பிளாற்றினத் தகட்டில் பட்டுத் திரும்பியவற்றின் கணக்கு. 0.00004 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பொன்னிதழில் சராசரி 90 பாகை திரும்பியவை ஏறத்தாழ 20,000இல் ஒன்று. அணுவின் ஏற்றம் நடுவில் ஒரு சின்னஞ்சிறு கருவில் குவிந்திருந்தால்தான் இப்படித் திரும்ப முடியும் என்று அவர்களை வழிநடத்திய இரதபோர்ட் 1911இல் கணக்கிட்டுக் காட்டினார்.

கண்ணால் காணாததை மோதல்களை எண்ணி அறியும் இந்த முறையை இரட்டைப் பாடவேளையில் போளையால் (கோலிக்குண்டால்) செய்து காட்டலாம். மட்டமான மேசையில் 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு வெண்கட்டிக் கோடுகள் இழுங்கள். நடுவில் ஆறு போளைகளை மெழுகால் ஒட்டி, மேலே காட்போட் மட்டையைத் தூக்கிப் பிடித்து மறையுங்கள். அதே அளவுப் போளையைக் கோடுகளுக்கிடையே குறிபாராமல் 200 தடவை உருட்டி, மோதும் சத்தத்தை எண்ணட்டும். மோதல்களை 60ஆல் பெருக்கி, வந்ததை 2 × 6 × 200ஆல் வகுத்தால் போளையின் விட்டம் வரும். 64 மோதல் என்றால் 1.6 செ.மீ. மட்டையைத் தூக்காமலே! பிறகு வேணியர் இடுக்கிமானியால் அளந்து ஒப்பிடட்டும்.

பிழைப்பது நான்கு இடத்தில். பிள்ளை குறிபார்த்து உருட்டினால் மோதல் கூடும். ஒரு போளை இன்னொன்றின் பின்னால் மறைந்தால் குறையும். அதனால் பக்கவாட்டில் 4 செ.மீ. விலக்கி, கோட்டிலிருந்து 2 செ.மீ. உள்ளே ஒட்டுங்கள். ஒரே உருட்டலில் இரண்டில் பட்டாலும் ஒரு மோதல்தான். 50 உருட்டலோடு நிறுத்தினால் விடை 1.2க்கும் 2க்கும் இடையில் ஆடும்.

அளவையும் சொல்லுங்கள். பொன்னின் கரு அந்தப் போளை என்றால் அணுவின் அகலம் 300 மீற்றருக்கு மேல், கல்லடிப் பாலத்தின் நீளத்துக்குக் குறையாது.

விடைத்தாள்களில் அடிக்கடி வரும் பிழை, "இரதபோர்ட் பொன்னிதழ்ப் பரிசோதனையால் புரோத்தன்களைக் கண்டார்" என்பது. 1911 கட்டுரையில் அவர் மையத்தின் ஏற்றம் நேரா மறையா என்றுகூட முடிவாகச் சொல்லவில்லை. கணக்குக்கு அது தேவைப்படவுமில்லை. புரோத்தன் பின்னர் வந்தது, நியூத்திரனுக்கு 1932இல் சட்விக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீல்ஸ் போர் என்பவரின் 1913 மாதிரி ஐதரசன் நிறமாலையின் சிவப்புக் கோட்டை, 656 நனோமீற்றரை, கச்சிதமாகத் தருகிறது; இரண்டு இலத்திரன் கொண்ட ஈலியத்திலேயே தடுக்கிவிழுகிறது. தடுக்கும் இடத்தையும் காட்டினால்தான் ஒழுக்குகள், அதாவது இலத்திரன் காணப்படக்கூடிய வெளிகள், ஏன் தேவை என்று புரியும்.

மோஸ்லியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆகன் 39.95, பொற்றாசியம் 39.10, திணிவுப்படி அடுக்கினால் பொற்றாசியம் அருமன் வாயுக்களின் கூட்டத்தில் போய் விழும். 1913இல் மூலகங்களின் எக்ஸ் கதிர் அதிர்வெண்களை அளந்து, அவற்றின் வர்க்கமூலம் மூலகத்துக்கு மூலகம் ஒரே படியாக ஏறுவதை அவர் கண்டார். அணுவெண் என்பது வெறும் வரிசை இலக்கமல்ல, கருவின் ஏற்றம் என்று ஆனது அப்போதுதான். 1915இல் கலிப்பொலிப் போர்முனையில் இறந்தபோது அவருக்கு வயது 27. ஆவர்த்தன அட்டவணையைச் சுவரில் மாட்டும் நாளில் 18ஆம் இலக்க ஆகனையும் 19ஆம் இலக்கப் பொற்றாசியத்தையும் காட்டி, திணிவுகளைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து ஒரு மூத்த ஆசிரியர்