துப்பாக்கி வாங்குமுன்

அன்பு மகள் யாழினிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கடைக்காரர் எடுத்துக் காட்டிய, வீரியமான .357 மேக்னம் தோட்டா போடும் ரிவால்வர் வெறும் 17 அவுன்ஸ்தான், அரைக் கிலோகூட இல்லை, சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாது. அவர் சொன்னது சரி. ஆனாலும் அது உனக்கு வேண்டாம்மா.

எடை குறையக் குறைய துப்பாக்கி அதிகமாக உதைக்கும். அத்தனை லேசான ரிவால்வரில் மேக்னம் தோட்டா போட்டால் இரண்டாவது சூட்டிலேயே உள்ளங்கை எரியும். இரண்டங்குலம்கூட இல்லாத குழாயிலிருந்து நெருப்பு பாயும். அப்புறம் ட்ரிகரை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், குறி கீழே இறங்கிவிடும். வலிக்குப் பயந்து பயிற்சியையே விட்டவர்களை நான் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் பார்த்திருக்கிறேன்.

உனக்கு வீரியம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவே போதும். அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பல பத்தாண்டுகள் இடுப்பில் வைத்திருந்தது .38 ரிவால்வரைத்தான். .357 தோட்டா அந்த .38-ஐக் கொஞ்சம் நீட்டி 1930களில் செய்தது. அதனால் .357 ரிவால்வரில் .38 தோட்டா போடலாம், .38 ரிவால்வரில் .357 போடக் கூடாது.

போன முறை ரேஞ்சில் உன் கையைக் கவனித்தேன். ஆள்காட்டி விரல் ட்ரிகருக்குச் சரியாக எட்டாமல் நுனியால்தான் இழுத்தாய். ஐந்து தோட்டாவும் தாளின் இடது ஓரத்தில் போய் விழுந்தன. கேலிபரை, அதாவது தோட்டா அளவை, மாற்றினால் அது சரியாகாது, கைப்பிடியையும் ட்ரிகரையும்தான் பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெசன் 642, ருகர் எல்சிஆர் என்ற .38 ரிவால்வர்கள் இரண்டிலும் பின்னால் இருக்கும் ஹேமர் (சுத்தியல்) வெளியே நீட்டாது, எடுக்கும்போது துணியில் மாட்டாது. 642-இன் ட்ரிகர் கொஞ்சம் கனம். எல்சிஆரில் சீராக வரும், உன் விரலுக்கு அதுதான் ஒத்துவரும் என்று தோன்றுகிறது. பழக 148 கிரெய்ன் எடையுள்ள, முனை தட்டையான வாட்கட்டர் தோட்டா வாங்கு, உதை குறைவு.

கைப்பையில் மட்டும் வைக்காதே. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடைக்குள், இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டு, அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனாள். துப்பாக்கி வைக்கவென்றே செய்த பை அது. நம் குட்டிக்கும் எல்லா ஜிப்பையும் திறந்து பார்க்கும் வயது. ட்ரிகரை முழுதாக மூடும் ஹோல்ஸ்டர் உறையில், உடம்போடு இருக்கட்டும். வீட்டுக்குள் வந்தால் பூட்டுப் பெட்டியில்.

டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது நிரம்பியவர்களில் பெரும்பாலோருக்குக் கைத்துப்பாக்கியை உடன் கொண்டுபோக லைசென்ஸ் தேவையில்லை என்பது தெரியும். இருந்தாலும் எடுத்துக்கொள். அதற்கான வகுப்பில் எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது, எப்போது சுடக் கூடாது என்று சொல்லித்தருவார்கள்.

நான் வரும்வரை எதற்கும் முன்பணம் கட்டாதே. சனிக்கிழமை காலையில் வருகிறேன். 642, எல்சிஆர் இரண்டையும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்ப்போம். குட்டியை அம்மா பார்த்துக்கொள்வாள்.

அன்புடன்,
அப்பா