பேவர் கல் பதிக்கும் முன் ஒருமுறை காட்டுக்குள் நடந்து வாருங்கள்

கோயில் காடு உள்ள கடலோரக் கிராமங்களின் திருப்பணிக் குழுவினருக்கு, வணக்கம்.

எங்கள் குலதெய்வம் ஐயனார். போன ஆடியில் பொங்கல் வைக்கப் போனபோது, கோயிலுக்குப் பின்னால் இருந்த காட்டில் அரை ஏக்கரைக் காணவில்லை. பொக்லைன் விட்டுப் 'புதரை' எடுத்து, பேவர் கல் பதித்திருந்தார்கள். வண்டி நிறுத்த இடம் வேண்டும், வருகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார்கள். எல்லாரும் எனக்குச் சித்தப்பா, மாமன் முறை. பேசிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. அந்தக் காட்டுக்குள் அவர்களில் ஒருவர்கூட நடந்ததில்லை. நாற்பது வயது வரை நானும் நடந்ததில்லை. சாமி குத்தம் ஆகிவிடும், பாம்பு இருக்கும் என்று பயம். படையல் போடுவோம், கும்பிடுவோம், பஸ் பிடிப்போம்.

நான் முதலில் நடந்தது கீழ்ப்புத்துப்பட்டில். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் இருக்கிறதே, அங்கேதான். பங்குனி வெயில். பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். பத்தடி போனதும் கால் சுடுவது நின்றுவிட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு குச்சி மரம். அடுப்புக்குத்தான் ஆகும் என்று நினைத்துக் கிட்டே போனேன். இலை இல்லாத பழைய கிளையைச் சுற்றி, பட்டையை ஒட்டியபடியே கொத்துக் கொத்தாக நீலப் பூ. ஒவ்வொன்றும் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதுதான் காயா. காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அந்த நிறத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஐந்தாறு ஊர்க் கோயில் காடுகளில் நடந்துவிட்டேன். வீரை மரத்தின் அடியைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? நாலைந்து மரத்தை முறுக்கி ஒன்றாகக் கட்டியதுபோல் பள்ளமும் மேடுமாக இருக்கும். மோதிரக்கண்ணி என்று ஒரு கொடி. அதன் கொக்கி மோதிரம்போலச் சுருண்டு, பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. கொடிகள் இல்லாமல் இந்தக் காடே இல்லை. பொக்லைன் ஓட்டுபவர் கண்ணுக்கு இது எல்லாமே புதர்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நாம் எதையும் காட்டிக் கொடுக்கவில்லையே.

தாவரவியல்காரர்கள் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு சரி. அப்புறம் பாதி வருஷத்துக்கு மேல் காய்ச்சல். அந்தக் காய்ச்சலிலும் இந்த மரங்கள் பச்சையாகவே நிற்கும். இலை தோல்போலத் தடித்திருப்பதால் தண்ணீரை லேசில் விடாது. சோழமண்டலக் கரை நெடுக இருந்த இந்தக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளில் பல ஐயனாருக்கும் அம்மனுக்கும் பயந்து, ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காமல் நம் பாட்டன்மார் விட்டுவைத்தவை. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அது வெறும் செம்மண் பொட்டல். பிற்பாடு அங்கே நாட்டு மரங்களைத் திரும்பக் கொண்டுவர விரும்பியவர்கள் விதை தேடிப் போனது இப்படிப்பட்ட கோயில் காடுகளுக்குத்தான்.

சருகைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பாபிஷேகம் என்றதும் முதல் வேலையாகக் காட்டுக்குள் விளக்குமாறு போகிறது, கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து ஆறுமணிக் குருவி வருகிறது. பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு விசில் அடிக்கும். சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தின்கிற பறவை அது. பெருக்கிய தரையில் அதற்கு என்ன கிடைக்கும்? முளைத்து நிற்கிற கன்றுகளும் அந்த நெருப்பிலேயே போய்விடுகின்றன. சன்னதி முன்னால் தாராளமாகப் பெருக்குங்கள். காட்டைப் பெருக்க வேண்டாம்.

நான் கேட்பது பெரிதில்லை. எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் குழுவில் உள்ள அத்தனை பேரும் ஒரு காலையில் காட்டுக்குள் நடந்துவிட்டு வாருங்கள். ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், பச்சிலை தெரிந்த ஆயா ஒருவர், பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தருகிறவர் ஒருவர் கூட வரட்டும். அவர்கள் பேர் சொல்லும் மரத்தையும் கொடியையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தும் இடத்தைச் சாலைப் பக்கம் தள்ளிப்போட முடியுமா என்று அதற்குப் பிறகு பேசுங்கள். உள்ளே ஒற்றையடிப் பாதை போதும். ஹைமாஸ்ட் விளக்கு காட்டைப் பார்த்து எரிய வேண்டாம்.

எங்கள் ஊர்க் குழு சம்மதித்துவிட்டது. மார்கழி முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்கு, மிச்சமிருக்கிற காட்டுக்குள் சித்தப்பாவும் மாமாக்களும் என்னோடு வருகிறார்கள். உங்கள் ஊரிலும் நடக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
ஐயனாரைக் குலதெய்வமாகக் கும்பிடும் ஒருவன்