கொட்டான் மூலையில் ஒரு 'ட'

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆசிரியர் பயிற்சி பற்றி வந்த கட்டுரையில், 'அ, ஆ சொல்லிக்கொடுக்க யாராலும் முடியும், அதற்கு எதற்கு இரண்டு வருடப் படிப்பு?' என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க மனம் ஓடவில்லை. முப்பத்தொரு வருடம் பி.எட். மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தல் முறை நடத்தியவள் நான்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியது தாங்கள் அறியாததல்ல. விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் நானும் போனேன். திருமயம் பக்கம் ஒரு ஊர், ராத்திரி ஏழு மணிக்கு மேல் வகுப்பு. கையில் முதுகலைப் பட்டம் இருந்தும் முதல் வாரம் தோற்றுத்தான் போனேன். கொட்டான், அதாவது ஓலைக்கூடை, முடையும் ஒரு அம்மா வருவார். ஓலையில் அப்படி ஓடும் விரல்கள், பல்பத்தைப் பிடித்தால் விறைத்துக்கொள்ளும். 'அ'வின் சுழி வரவில்லை என்று அழுதேவிட்டார். மறுநாள் 'அ'வை அழித்துவிட்டு 'ட' போட்டேன். "இது கொட்டான் மூலை. அந்தப் பக்கமும் ஒரு மூலை மடக்குங்க, 'ப' ஆயிரும்." எழுதிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா தாயி?" என்றார். சில வாரம் கழித்து டிரங்குப் பெட்டியில் இருந்த நிலக் காகிதத்தைக் கொண்டுவந்து, 'பட்டா' என்ற சொல்லில் விரலை வைத்து வாசித்தார். எந்த எழுத்தை முதலில் தருவது என்று தெரிந்துகொள்ளத்தான் ஐயா பயிற்சி.

அறிவொளி என்றால் அந்த இயக்கத்தில் சைக்கிள் கற்ற பெண்கள் ஓட்டிய படத்தைப் போடுகிறீர்கள். சரி, போடவேண்டிய படம்தான். லாந்தரைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆள் கூப்பிட்ட தொண்டர்களைப் பற்றி ஒரு பத்தி உண்டா? வள்ளல் அழகப்பச் செட்டியார் புண்ணியத்தில் காரைக்குடிக்கு 1950-லேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்துவிட்டது. அந்த ஊர்க்காரிக்கு இந்த வரி எப்படி இருக்கும்? 2015-இல் பி.எட். இரண்டு வருடமானது. கற்பித்தல் பயிற்சிக்குப் போன என் மாணவிகளை ஒரு பள்ளியில் விடைத்தாள் அடுக்கவும், ஆசிரியர் வராத வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளவும்தான் வைத்திருந்தார்கள். படிப்பு வீண் என்று எழுதுவதற்கு முன்னால் இதை விசாரித்திருக்கலாம். அப்போதே தங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை.

அந்த அம்மாவை நான்கு வருடம் கழித்துப் பார்த்தேன். வீட்டில் வாசிக்க ஒன்றும் இல்லாமல் எழுத்தெல்லாம் மறந்து, மறுபடியும் கைநாட்டு. கட்டுரைக்கு மறுப்புப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. புதிதாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்காக வாரம் ஒரு கால் பக்கம், பெரிய எழுத்தில் ஒதுக்குங்கள். ரேஷன், மழை, நூறு நாள் வேலை என்று அவர்களுக்கு வேண்டியதாக இருக்கட்டும். எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்வியியல் விரிவுரையாளர்,
காரைக்குடி.